பாறையில் பரிவாதினி, கதவில் ஸ்பீக்கர்

புது செடான் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இருக்கை முதுகுக்குப் பழகிவிட்டது. பாட்டுதான் காதுக்குப் பழகவில்லை. நேற்று திருமயத்தில் ஸ்பீக்கர் பொருத்தும் ஒரு தம்பி கதவின் அட்டையைக் கழற்றி, வெறுந்தகட்டை விரலால் சுண்டினான். ‘டங்’ என்றது. அதிர்வை அடக்கும் கறுப்பு டேம்பிங் ஷீட்டை ஒட்டிவிட்டு மறுபடி சுண்டினான். ‘தொப்’. “இப்பதான் சார் பேஸ் நிக்கும்” என்றான்.

காரில் பாட்டு என்பது பழைய ஆசை. 1930-ல் சிகாகோவின் கால்வின் சகோதரர்கள் விற்கத் தொடங்கிய கார் ரேடியோவின் பெயர்தான் மோட்டரோலா. அன்றைய பெரும் தலைவலி, ஸ்பார்க் பிளக்கின் இரைச்சலை அடக்குவது. 1960-களின் கடைசியில் காருக்குள் கேசட் வந்தது.

நம் ஊர் சொகுசு காருக்கும் கதை உண்டு. 1985-ல் சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் ‘ஸ்டாண்டர்ட் 2000’-ஐ இறக்கியது. உடம்பு, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய ரோவர் எஸ்டி1. அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி8 இன்ஜினும் உண்டு; இங்கே பொருத்தியதோ பழைய வான்கார்ட் காரின் 2 லிட்டர் இன்ஜின். குதிரைக்கு மாட்டுக்கால்! சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்றது.

வேலை முடிந்ததும் 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய திருமயம் கோட்டையடியில் வண்டியை நிறுத்தினேன். அருகே சத்தியகிரீசுவரர் குடைவரையில், பரிவாதினி என்ற வீணையைச் சொல்லும் பழைய இசைக் கல்வெட்டு இருக்கிறது. பின்னாளில் ஒரு கோயில் வழக்கின் தீர்ப்பைப் பொறிக்க அதன் பெரும்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். ஒலியளவைக் குறைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.