வட்ட ரம்பமும் பத்து விரல்களும்

ஓய்வுக்குப் பிறகு மரவேலையில் இறங்கும் நண்பர்கள் இப்போது அதிகம். மாடியிலோ கார் ஷெட்டிலோ ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டதும், "டேபிள் சா எது வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். பேச்சு உடனே மோட்டாரின் குதிரைத்திறனுக்கும் விலைக்கும் போய்விடுகிறது. அந்த இயந்திரத்தின் கதையைத் தெரிந்துகொண்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று புரியும்.

பெரிய மரத்தை ஒருவர் மேலே நின்றும் ஒருவர் கீழே நின்றும் நீள ரம்பத்தால் அறுத்ததை நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்போம். அதில் ரம்பம் ஒரு பக்கம் இழுக்கும்போதுதான் அறுக்கும். திரும்பி வரும் இழுப்பு வீண். வட்டமான ரம்பத்தில் அந்த வீண் கிடையாது, சுற்றிக்கொண்டே அறுக்கும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஷேக்கர் என்னும் சமயக் குழுவைச் சேர்ந்த டபிதா பாபிட் என்ற பெண், 1813 வாக்கில் இதை யோசித்து, நூற்கும் ராட்டையில் பல் வைத்த தகடு ஒன்றை மாட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. கதை அழகானது. ஆனால் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777-லேயே வாங்கிய காப்புரிமையில் வட்ட ரம்பம் வந்துவிட்டது.

அதைப் பெரிய அளவில் வேலை வாங்கியது கடற்படை. ஒரு போர்க்கப்பலின் பாய்மரக் கயிறுகளுக்கு ஏறக்குறைய ஆயிரம் மரக் கப்பிகள் வேண்டும். மார்க் புரூனல் என்ற பொறியாளர் 1803 முதல் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் இதற்கென்றே வரிசையாக இயந்திரங்களை நிறுவினார். 110 தேர்ந்த தொழிலாளிகள் செய்த வேலையை, தொழில் தெரியாத 10 பேர் அங்கே செய்தார்கள். 1808-ல் ஒரே ஆண்டில் 1,30,000 கப்பிகள் செய்ததாகக் கணக்கு இருக்கிறது.

பிறகு இந்த ரம்பம் மில்லிலிருந்து தச்சுப் பட்டறைக்கு வந்தது. 1906-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆல்டன்டார்ஃப் நகரும் மேசை வைத்த ரம்பத்தைச் செய்தார். 1939-ல் அமெரிக்காவின் டெல்டா கம்பெனி யூனிசா என்ற ரம்பத்தைக் கொண்டுவந்தது. அதில் சாய்வாக அறுக்க மேசையைச் சாய்க்க வேண்டாம். அடியில் பிளேடே சாயும். இன்று நாம் கடையில் பார்க்கும் டேபிள் சாவின் உருவம் ஏறக்குறைய அதுதான்.

ஆபத்து வேகத்தில் இருக்கிறது. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். முன்பக்கப் பற்கள் கீழே இறங்குவதால் மரத்தை மேசையோடு அழுத்தும். பின்பக்கப் பற்களோ மேலே எழும்புகிறவை. அறுத்த வாய் மூடிக்கொண்டாலோ பலகை கொஞ்சம் கோணினாலோ, அந்தப் பின்பற்கள் மரத்தைத் தூக்கி நம் மேலேயே எறியும். சில சமயம் அதைப் பிடித்திருக்கும் கையையும் பிளேடின் பக்கம் இழுத்துவிடும்.

இதற்கு மருந்து மிகச் சாதாரணமானது. பிளேடுக்கு நேர் பின்னால், அதை ஒட்டி நிற்கும் ஓர் எஃகுத் தகடு. ரைவிங் நைஃப் என்பார்கள். அறுத்த வாய் மூடாமல் அது காக்கும். பிரிட்டனில் தொழிற்சாலைகளுக்கு 1922-லேயே இதைச் சட்டம் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் புதிய ரம்பங்களில் இது வழக்கமாக 2010-ஐ ஒட்டிய ஆண்டுகள் ஆயின. அந்த நாட்டில் டேபிள் சாவால் காயம்பட்டு சிகிச்சைக்கு வருகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் என்பது அரசு ஆணையத்தின் மதிப்பீடு.

1999-ல் ஸ்டீபன் காஸ் என்ற அமெரிக்கர் இன்னொரு வழி கண்டார். இயற்பியல் படித்த காப்புரிமை வழக்கறிஞர் அவர். பிளேடில் சிறிய மின்குறி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். விரல் பட்டதும் அந்தக் குறி மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களில் பாய்ந்து பிளேடை நிறுத்திவிடும். எல்லாம் நொடியில் இருநூற்றில் ஒரு பங்குக்குள். சாசேஜை வைத்துக் காட்டியவர், கடைசியில் தன் விரலையே வைத்துக் காட்டினார். பெரிய கம்பெனிகள் எடுத்துக்கொள்ளவில்லை. 2004-ல் சாஸ்டாப் என்ற பெயரில் தாங்களே செய்து விற்கத் தொடங்கினார்கள்.

நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். பிளைவுட் பலகையில் ஒரு வெட்டுவாய் போட்டு, அடியில் மார்பிள் கட்டரைத் தலைகீழாகப் பொருத்தி, அதையே டேபிள் சாவாக வைத்து வேலை செய்கிறார்கள். மேல்மூடி இல்லை, பின் தகடும் இல்லை. தினம் அதே வேலையாக இருப்பவரின் கைப்பழக்கம் அவரைக் காக்கலாம். அறுபதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்கும் நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஆகவே வாங்கும்போது முதலில் கேளுங்கள்: ரைவிங் நைஃப் இருக்கிறதா, பிளேடை ஏற்றி இறக்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்குகிறதா? அடுத்து, ஃபென்ஸ் என்கிற பக்கக் கட்டை ஆடாமல் நிற்கிறதா? அணைக்கும் பொத்தான் தேடாமல் கைக்கு எட்டுகிறதா? மோட்டார் எல்லாம் இதற்குப் பிறகுதான். எர்த் உள்ள 15 ஆம்ப் பிளக் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் நாள் மரம் அறுக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடில் ஒரு பல்லுக்கு அடையாளம் வையுங்கள். மேசையில் உள்ள பள்ளத்திலிருந்து அந்தப் பல் முன்னால் எவ்வளவு தூரம் என்று அளந்து, பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். பிறகு ஃபென்ஸையும் அந்தப் பள்ளத்துக்கு இணையாக நிறுத்துங்கள். பின்பக்கம் ஒரு மயிரிழை விலகியிருந்தால் பரவாயில்லை, நெருங்கியிருக்கக் கூடாது. பல் மரத்துக்கு மேலே கொஞ்சம் தெரிந்தால் போதும். குறுகிய பலகையைத் தள்ளக் கையை அனுப்பாதீர்கள். ஒரு தள்ளுகட்டை செய்துகொள்ளுங்கள். உங்கள் ரம்பத்தில் அறுக்கும் முதல் சாமானாக அதுவே இருக்கட்டும்.