இரத்தத்திற் கிருமியும் இருதயத்தின் கதியும்: ஷாகஸ் வியாதியின் பரிசோதனைச் சரித்திரம்

தென் அமெரிக்கக் கிராமங்களில் மண்சுவர் வெடிப்புகளிற் குடியிருந்து, இரவில் உறங்குவோரின் முகத்திற் கடித்து இரத்தங் குடித்து, கடிவாயருகே இடும் எச்சத்தின் வழியாகவே கிருமியைப் புகவிடும் ஒருவகைப் பூச்சியினால் பரவுவது ஷாகஸ் வியாதி. பிற வியாதிகளில் நோயாளியை முதலிலும், கிருமியைப் பின்னரும், பரப்பும் பூச்சியைக் கடைசியிலும் காண்பது வழக்கமாயிருக்க, இங்கோ அக்கிரமம் முற்றிலும் தலைகீழாயிற்று. 1907-ல் பிரேசில் தேசத்து மினாஸ் ஜெராயிஸ் மாகாணத்தில், இருப்புப்பாதை போடும் கூலியாட்களைப் பீடித்த மலேரியாவை அடக்குவதற்காக ஆஸ்வால்டோ குரூஸ் என்பவரால் லசான்ஸ் என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பெற்ற இளம் வைத்தியர் கார்லோஸ் ஷாகஸ், ரயில் பெட்டியொன்றையே வீடாகவும் ஆய்வுக்கூடமாகவும் கொண்டிருந்தபோது, பொறியாளர் ஒருவர் காட்டிய அப்பூச்சியின் குடலில் வாலுடைய நுண்ணுயிர்களைக் கண்டார்; தம் ஆசானாகிய குரூஸைக் கௌரவித்து அவற்றிற்கு டிரிபனோசோமா குரூசி என்று பெயரிட்டார்; 1909 ஏப்ரலில் அவ்வூரைச் சேர்ந்த இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒருத்தியின் இரத்தத்தில் அதே உயிரைப் பார்த்தார்.

தார்க்கிகர் மொழியிற் சொன்னால் இது பிரத்தியட்சப் பிரமாணம். ஆயினும் இப்பிரமாணத்திற்கு ஆயுள் மிகக் குறைவு. தொற்று உண்டான முதல் இரண்டொரு மாதங்களில் மாத்திரமே கிருமிகள் இரத்தத்திற் பெருவாரியாக உலவுகின்றன. அதன்பின் அவை தசைகளுக்குள், முக்கியமாக இருதயத் தசைக்குள், புகுந்துகொள்ள, ஜுரம் தணிந்த நோயாளி தாம் சொஸ்தமடைந்ததாகவே எண்ணி வயல்வேலைக்குத் திரும்பிவிடுகிறார். பல வருஷங்கள் கழித்து நாடி தாறுமாறாகி, கால் வீங்கி, சில சமயம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுந்து மாண்டுபோகும் அவருடைய இரத்தத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் எத்தனை முறை வைத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தென்படுவதில்லை.

ஆகவே அனுமானத்தின் உதவியை நாடவேண்டியதாயிற்று. குரூஸின் ஸ்தாபனத்தைச் சேர்ந்த சேசர் கெரெய்ரோவும் அஸ்த்ரோஜில்டோ மஷாடோவும், சிபிலிஸ் நோய்க்கு வாசர்மன் 1906-ல் வகுத்த முறையைத் தழுவி, 1913-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். கிருமி மறைந்தாலும் அதற்கெதிராக உடல் தானே உற்பத்தி செய்த எதிர்ப்பொருள் இரத்தத் தெளிநீரில் நெடுங்காலம் நீடித்திருக்கும் என்பதே இதன் அஸ்திவாரம். எதிர்ப்பொருள் கிருமியின் சத்தோடு கூடும்போது, காம்பிளிமென்ட் எனப்படும் இன்னொரு பொருள் செலவாகிவிடும். அது செலவாயிற்றா இல்லையா என்பதை அறிய ஆட்டின் சிவப்பணுக்களையும் அவற்றைக் கரைக்க வல்ல தெளிநீரையும் சேர்ப்பார்கள். காம்பிளிமென்ட் எஞ்சியிருந்தால் அணுக்கள் கரைந்து குழாயின் நீர் சிவக்கும். செலவாகியிருந்தால் அவை கரையாமல் அடியிற் படியும். படிந்தால் தொற்று உண்டு என்பது முடிவு. கிருமியை ஒருவரும் பாராமலே கிருமி உண்டென்று தீர்ப்பளித்த இம்முறையின் நுட்பம், அக்காலத்து எளிய சாதனங்களை நினைக்கும்போது, வியப்புக்குரியதாகவே இருக்கிறது.

மறு வருஷமே பிரெஞ்சு விஞ்ஞானி எமீல் புரும்ப்ட், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சுத்தமான பூச்சிகளை நோயாளியின் இரத்தத்தைக் குடிக்கவிட்டு, சில வாரங்கள் பொறுத்து அவற்றின் குடலைச் சோதிக்கும் வழியைக் கூறினார். இரத்தத்தில் அருகியிருக்கும் கிருமி பூச்சியின் குடலிற் பெருகிக் கண்ணுக்குப் புலப்படும் என்பதால் பிரத்தியட்சமும் மீண்டும் கைக்கு எட்டியது. எனினும் மஷாடோ - கெரெய்ரோ முறை முப்பது வருஷகாலம் போதிய பயன்பாடின்றிக் கிடந்தது. அதற்கு வேண்டிய சத்து ஓரிடத்திற்கு ஓரிடம் தரத்தில் வேறுபட்டது ஒரு காரணம். அவ்வட்டாரத்திற் பெருகியிருந்த கழுத்துக் கழலையையும் இவ்வியாதியின் விளைவாகவே ஷாகஸ் கருதியது மற்றொரு காரணம். அக்கருத்து பொய்த்தபோது, எதிரிகள் வியாதியின் முக்கியத்துவத்தையே சந்தேகித்தனர்; 1922-லும் 1923-லும் ரியோ நகரத்து வைத்திய சபையில் நடந்த வாதங்களில் விஞ்ஞானத்தோடு பொறாமையும் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். அதே 1922-ல் ஷாகஸும் அவருடைய சக ஆய்வாளர் வில்லேலாவும் இவ்வியாதியின் இருதய வடிவத்தை விரிவாக வர்ணித்திருந்தும், 1934-ல் ஷாகஸ் காலமாகும்வரை அதற்குரிய மதிப்பு கிட்டவில்லை.

இரத்தப் பரிசோதனையையும் இருதயப் பரிசோதனையையும் ஒரே நோயாளியிடம் முறையாக இணைத்த பெருமை, 1943-ல் மினாஸ் ஜெராயிஸின் பம்புயி என்னும் ஊரில் எம்மானுவேல் டியாஸ் தலைமையில் தோன்றிய ஆய்வு நிலையத்தைச் சாரும். பிரான்சிஸ்கோ லாரஞ்ஜா முதலியோர் கிராமத்தாரின் தெளிநீரைச் சோதித்தும், அவர்களுடைய இருதயத்தின் மின்வரைபடத்தை எடுத்தும் ஒன்றோடொன்றை ஒப்பிட்டபோது, தொற்றுடையோரிடம் வலப்புற மின்பாதைத் தடை போன்ற கோளாறுகள் மிகுந்திருப்பது துலங்கிற்று. 1956-ல் வெளிவந்த அவர்களுடைய ஆராய்ச்சி ஐயங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் அதே ஒப்பீடு வேறோர் உண்மையையும் வெளிப்படுத்தியது: தொற்றுடைய பலருக்கு இருதயம் பழுதின்றியே இருந்தது. 1909-ல் முதன்முதலாகக் கிருமி காணப்பட்ட அக்குழந்தையே இதற்குச் சாட்சி. 1962-லும் 1978-லும் அவர் இரத்தத்தினின்று கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. இருதய நோயோ அவரை அணுகவேயில்லை.

பிற்காலத்து முறைகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரத்ததானத்தாலும் தொற்று பரவுவது 1950-களில் நிரூபணமானபின் பரிசோதனைக்குத் தேவை பெருகிற்று. ஒளிரும் சாயமுறையும் எலிசா முறையும் பழைய முறையை விலக்கின. ஒரே பரிசோதனையை நம்பாமல், வெவ்வேறு தத்துவங்களைக் கொண்ட இரண்டு பரிசோதனைகள் ஒத்துச் சொன்னாலே நாட்பட்ட தொற்றை நிச்சயிக்க வேண்டுமென்பது இப்போதைய விதி.

இருதயத்தின் கதியைச் சொல்லும் இரத்தப் பரிசோதனையோ வேறு வழியாக வந்தது. 1988-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பன்றியின் மூளையிற் கண்டு பி.என்.பி. எனப் பெயரிட்ட பொருளை, பாரந் தாங்கமாட்டாத இருதய அறைகள் மிகுதியாகச் சுரக்கின்றன என்பது பின்னர்த் தெரியவந்தது; ஷாகஸ் நோயாளிகளிடமும் அதன் அளவு இருதயத் தளர்ச்சியைக் காட்டிக்கொடுப்பதைப் பிரேசில் வைத்தியர்கள் 2002-ல் எடுத்துரைத்தனர். தளர்ச்சிக்குக் காரணம் கிருமியா, வேறொன்றா என்று அது கூறாது; கிருமியைக் கூறும் பரிசோதனை தளர்ச்சியைக் கூறாது. தொற்றுடையோரில் ஏறக்குறைய நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேருக்கே இருதயம் கெடுகிறது. அவர்கள் யார் என்பதை முன்கூட்டியே நிர்ணயிக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் இன்னும் அமையவில்லை. 2015-ல் முடிவு வெளியான பெனிபிட் என்னும் ஆராய்ச்சியில், ஏற்கெனவே இருதயம் பழுதுற்ற 2,854 நோயாளிகளுள் பென்ஸ்நிடசோல் மருந்து பெற்றவர்களின் இரத்தத்தில் கிருமியின் சுவடு வெகுவாகக் குறைந்தது; அவர்களது இருதய நோயின் போக்கோ, மருந்து பெறாதவர்களுடையதைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை.