கல்லில் பதிந்த அலறல்
ஒரு பேய்வீட்டு நாடகமும் பதிவுகளின் வரலாறும்

பாழ்மனையில் பேய் உலவும் என்னும் கதை வழங்காத நாடு அரிது. அக்கதைகளைப் பேதைமை என ஒதுக்குவது எளிது. ஆயினும், ஒரு நாட்டு மக்கள் எதற்கு அஞ்சினர், எதனை மறக்க விரும்பினர், எதனை மறக்க இயலாமல் தவித்தனர் என்பனவற்றை அந்நாட்டுப் பேய்க்கதைகள் ஓரளவு காட்டும். ஆதலால் அவை வரலாற்று மாணாக்கர்க்கும் பயன்படுவனவே.

இங்கிலாந்தில் பேய்க்கதைக்கு உரிய காலம் கிறிஸ்துமஸ் ஆகும். பனியும் இருளும் சூழ்ந்த அந்நாள்களில் கணப்பைச் சுற்றி அமர்ந்து பேய்க்கதை கேட்பது அந்நாட்டார் வழக்கம். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதை ஆவிகளைக் கொண்டே நடப்பது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி அறிஞர் எம். ஆர். ஜேம்ஸ் கிறிஸ்துமஸ் இரவுகளில் தாம் எழுதிய கதைகளை நண்பர்க்குப் படித்துக் காட்டுவார். இம்மரபை பி.பி.சி. தொலைக்காட்சி 1971-இல் தன் கையில் எடுத்துக்கொண்டு, ஆண்டுதோறும் ஒரு பேய்க்கதையைப் படமாக்கிக் காட்டத் தொடங்கியது. மறு ஆண்டு, 1972 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அதன் இரண்டாம் அலைவரிசையில் தொண்ணூறு நிமிட நாடகம் ஒன்று ஒளிபரப்பாயிற்று. 'தி ஸ்டோன் டேப்' என்பது அதன் பெயர். 'கல் நாடா' எனத் தமிழில் கூறலாம்.

எளிய செலவில் எழுந்த நாடகம்

இதனை எழுதியவர் நைஜல் நீல். 1922-இல் பிறந்து, மான் தீவில் வளர்ந்தவர். 1953-இல் இவர் எழுதிய 'குவேட்டர்மாஸ்' தொடர் இங்கிலாந்துத் தொலைக்காட்சிக்குப் புதியதொரு வழியைக் காட்டிற்று. பேயையும் அறிவியலையும் எதிர் எதிராக நிறுத்தாமல் ஒரே அறையில் அடைத்து வைத்துப் பார்ப்பது இவர்தம் தனிப்போக்கு. 1958, 1959 ஆண்டுகளில் வந்த மூன்றாம் குவேட்டர்மாஸ் தொடரிலும் லண்டன் தெரு ஒன்றில் நெடுங்காலமாகப் பேசப்பட்ட பேய்நடமாட்டத்திற்கு மண்ணுக்கடியில் புதைந்த ஒரு காரணத்தைக் கற்பித்திருந்தார்.

'கல் நாடா'வுக்குக் கருவைத் தந்தது ஓர் உண்மை இடம். சர்ரே மாவட்டத்தில் கிங்ஸ்வுட் வாரன் என்னும் பழைய மாளிகையில் பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவு இயங்கி வந்தது. பிரபுக்கள் வாழ்ந்த கூடங்களில் பொறியியலார் கம்பிகளையும் கருவிகளையும் பரப்பி வைத்திருந்த காட்சியை நீல் நேரில் கண்டவர். பழைய கல்லும் புதிய கருவியும் ஒரே கூரையின்கீழ் இருப்பின் யாது நிகழும் என்னும் வினா அங்குப் பிறந்தது.

இயக்கியவர் பீட்டர் சாஸ்டி. ஹங்கேரியில் பிறந்த இவர், ஹாமர் நிறுவனத்தின் திகிற்படங்களை இயக்கித் தேர்ந்தவர். இன்னஸ் லாயிட் தயாரித்தார். திரைப்படத்திற்குரிய பெரும்பணம் இதற்கு இல்லை. பெரும்பகுதி 1972 நவம்பரில் ஒளிப்பதிவுக் கூடத்திலேயே வீடியோ நாடாவில் பதிவாயிற்று. சில அறைகள், ஒரு கற்படிக்கட்டு, விளக்கொளி, ஓர் அலறல் ஆகியவையே முதல். ஒலிகளை அமைத்தது, 1958-இல் தோன்றிய பி.பி.சி. ரேடியோபோனிக் ஒலிப் பட்டறை. அதன் தலைவர் டெஸ்மண்ட் பிரிஸ்கோ செய்தளித்த ஒலிகளே பேயின் உருவத்தைக் காட்டிலும் மிகுதியாக அச்சுறுத்தின. கண்ணுக்குக் காட்டப் பணம் இல்லாதபோது காதுக்குக் காட்டலாம் என்பதற்கு இந்நாடகம் நல்ல சான்றாகும்.

கதைப் போக்கு

ரயன் என்னும் மின்சாதன நிறுவனம் டாஸ்கர்லாண்ட்ஸ் என்னும் பழைய மாளிகையைப் புதுப்பித்து, தன் ஆராய்ச்சிக் குழுவை அங்குக் குடியேற்றுகிறது. குழுத் தலைவன் பீட்டர் பிராக். காந்த நாடாவின் காலம் முடிந்தது. அதனினும் சிறந்த பதிவுப்பொருள் ஒன்றை ஜப்பானியர்க்கு முன் கண்டுபிடித்தாக வேண்டும் என்பது அவன் வெறி. அவன் குழுவில் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் பெண் ஜில் கிரீலி. மைக்கேல் பிரையன்டும் ஜேன் ஆஷரும் இவ்விருவராக நடித்தனர்.

மாளிகையில் ஓர் அறை மட்டும் செப்பனிடப்படாமல் கிடக்கிறது. தொழிலாளர் அங்கு வேலை செய்ய மறுத்துவிட்டனர். அதன் சுவர்கள் மாளிகையினும் மிகப் பழையவை. அங்கே எங்கும் போய்ச் சேராத படிக்கட்டு ஒன்று உண்டு. அப்படிகளில் ஒரு பெண் அஞ்சி ஓடி, அலறி வீழ்வதை ஜில் காண்கிறாள். 19-ஆம் நூற்றாண்டில் அம்மனையில் பணிபுரிந்து அங்கேயே வீழ்ந்து மாண்ட வேலைக்காரப் பெண் அவள் என விசாரணையில் தெரிகிறது.

வேறொருவராயின் அஞ்சி ஓடியிருப்பர், அல்லது இரங்கியிருப்பர். பிராக்கோ மகிழ்கிறான்! அக்கல் அப்பெண்ணின் இறுதித் துடிப்பைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. தான் தேடிய பதிவுப்பொருள் இதுவே எனத் துள்ளுகிறான். கருவிகள் அனைத்தையும் அவ்வறையில் குவித்து, அலறலை மீண்டும் மீண்டும் வரவழைக்க முயல்கின்றனர். மனிதர் செவி கேட்ட ஒலியைக் கருவி எதுவும் பிடிக்கவில்லை. இறுதியில் அவ்வுருவமே மறைந்துபோகிறது. ஆராய்ச்சியின் மிகுதியால் பதிவு அழிந்துவிட்டது.

நிறுவனத்தின் ஆதரவும் பிராக்கிடமிருந்து விலகுகிறது. துணி துவைக்கும் இயந்திரம் செய்யவந்த மற்றொருவனுக்கு அவ்விடத்தில் பங்கு கிடைக்கிறது. ஜில் மட்டும் கணக்குகளை விடாமல் ஆராய்ந்து, அழிந்தது மேற்பதிவே. அதன் அடியில் ஏழாயிரம் ஆண்டுப் பழமையுடைய மற்றொரு பதிவு உளது எனக் காண்கிறாள். அவள் சொல்லை எவரும் கேட்கவில்லை. அப்பழைய ஆற்றலிடம் தனித்து அகப்பட்டு, அதே படிகளில் மாள்கிறாள். பிராக், அவள் மனநிலை பிறழ்ந்தவள் என விசாரணையில் பொய் கூறித் தப்புகிறான். அவள் எழுதிவைத்த குறிப்புகள் யாவற்றையும் அழிக்கிறான். பின்னர் ஒருமுறை அவ்வறையுள் நுழைகிறான். கல் இப்போது புதிய அலறல் ஒன்றை ஒலிக்கிறது. அது ஜில்லின் குரல். அவனைத் துணைக்கழைக்கும் குரல்.

பேபேஜ் கண்ட நூலகம்

இக்கருத்து நீலுக்கு முன்பே அறிஞரிடை உலவியதாகும். கணிப்பொறிக்கு முன்னோடியான இயந்திரத்தைத் திட்டமிட்ட சார்லஸ் பேபேஜ், 1837-இல் வெளியிட்ட நூலொன்றில், மனிதர் பேசும் ஒவ்வொரு சொல்லும் காற்றில் உண்டாக்கும் அசைவு முற்றும் அழிவதில்லை என வாதிட்டார். அவர் கருத்தில் காற்று என்பது மாபெரும் நூலகம். உலகில் உரைக்கப்பட்ட அனைத்தும் அதன் ஏடுகளில் உள. இதனை வெறும் வியப்புக்காக அவர் கூறவில்லை. அடிமை வாணிகக் கப்பலின் தலைவன் ஒருவன், அகப்படும் தறுவாயில் தன் கப்பலிலிருந்த அடிமைகளைக் கடலில் எறிந்து சான்றை மறைத்தாலும், நீரும் காற்றும் அக்கொடுமைக்கு என்றும் சாட்சியாக நிற்கும் என்றே முடித்தார். குற்றவாளி ஏட்டைக் கிழிக்கலாம், இயற்கையின் ஏட்டைக் கிழிக்க இயலாது என்பது அவர் ஆறுதல்.

இங்கு ஒரு பொருத்தம் கருதத்தக்கது. நாடகத்தில் டாஸ்கர்லாண்ட்ஸ் மாளிகையின் வெளிப்புறமாகக் காட்டப்பட்டது சர்ரேயிலுள்ள ஹார்ஸ்லி டவர்ஸ் என்னும் மாளிகை. 1840 முதல் அது லவ்லேஸ் பிரபுவின் உடைமை. அவர்தம் மனைவியே ஏடா லவ்லேஸ். பேபேஜின் நண்பரான இவ்வம்மையார், 1843-இல் அவருடைய இயந்திரத்தைப் பற்றி எழுதிய குறிப்புகளால் உலகின் முதல் நிரலாளர் எனப் பலராலும் போற்றப்பெறுபவர். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் ஜில், ஏடா வாழ்ந்த மாளிகையின் முன் வந்து நிற்கிறாள். அவள் குறிப்புகளோ அழிக்கப்படுகின்றன!

கல்லின் நினைவு

நாடகம் வெளிவந்தபின் அதன் பெயர் நாடகத்தை விட்டு வெளியேறியது. பேய் நடமாட்டத்தை ஆராய்வதாகக் கூறுவோர், கல்லும் சுவரும் துயர நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்து மீண்டும் காட்டும் என்னும் கருத்துக்குக் 'கல் நாடாக் கோட்பாடு' என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். டி. சி. லெத்பிரிட்ஜ் என்பார் 1961-இல் எழுதிய நூலிலும் இதனையொத்த கருத்து உண்டு. எனினும், பெயரைத் தந்தது நீலின் கற்பனையே.

அறிவியல் இதனை ஏற்கவில்லை. ஒலிநாடாவில் இரும்பு ஆக்சைடு துகள்கள் பூசப்பட்டுள்ளன. பதிவுமுனையின் முன் நாடா சீரான வேகத்தில் ஓடும்போது, ஒலிக்கேற்ப மாறும் மின்னோட்டம் அத்துகள்களைக் காந்தமாக்குகிறது. அதே வேகத்தில் மீண்டும் ஓடினாலன்றிப் பதிந்த ஒலி உள்ளபடி பிறவாது. சுவரில் பதிவுமுனையும் இல்லை, ஓட்டமும் இல்லை, மீட்டிக் காட்டும் கருவியும் இல்லை.

ஆயினும் கல்லுக்கு நினைவே இல்லை என்று கூறுதலும் பிழையாகும். எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம், ஏறத்தாழ 580 பாகை செல்சியசுக்குக் கீழ் குளிர்கையில், அக்காலத்துப் புவிக்காந்தத்தின் திசையைத் தன்னுள் நிறுத்திக்கொள்கிறது. இலட்சக்கணக்கான ஆண்டுகள் கழிந்தும் அதனை அளந்தறியலாம். கடலடிப் பாறைகளில் வரிவரியாக அமைந்த இப்பதிவை வைன், மாத்யூஸ் என்னும் இருவர் 1963-இல் விளக்கினர். கடற்றளம் விரிந்து செல்வதற்கு அது பெருஞ்சான்றாயிற்று. ஆகவே, கல் புவியின் வரலாற்றைப் பதிவு செய்கிறது. மனிதனின் அலறலை அது பதிவு செய்வதில்லை. பேபேஜ் நம்பிய சாட்சி அங்கு இல்லை.

நாடாவை அழித்தோர்

இந்நாடகத்தின் வரலாற்றில் மற்றொரு முரண் உண்டு. நாடா அழிவதைப் பற்றிய இக்கதையை ஒளிபரப்பிய நிலையமே அக்காலத்தில் தன் நாடாக்களை அழித்துக்கொண்டிருந்தது. இரண்டங்குல அகலமுள்ள வீடியோ நாடா விலை மிக்கது. அழித்துவிட்டு மறுபடியும் பயன்படுத்தக் கூடியது. நடிகர் சங்க ஒப்பந்தங்களால் மறு ஒளிபரப்புக்கும் எல்லை இருந்தது. வீட்டில் வாங்கி வைத்துப் பார்க்கும் வசதி அன்று இல்லை. ஆதலின், ஒருமுறை காட்டியபின் நாடகத்தை வைத்திருப்பது வீண் எனக் கருதினர்.

நீலின் படைப்புகளே இதற்குப் பலியாயின. 1953-இன் குவேட்டர்மாஸ் தொடர் நேரடியாக நடித்து ஒளிபரப்பப்பட்டது. அதன் ஆறு பகுதிகளில் முதல் இரண்டே எஞ்சின. அவருடைய சிறந்த பேய்நாடகங்களுள் ஒன்றான 1963-இன் 'தி ரோடு', 1970-இன் 'வைன் ஆஃப் இந்தியா', 1971-இன் 'தி சாப்பர்' ஆகியவற்றின் ஒளிப்பதிவுகள் இன்று இல்லை. 'கல் நாடா' பிழைத்தது. 1978-இல்தான் பி.பி.சி. நாடாக்களையும் படங்களையும் முறையாகக் காக்கும் நூலகத்தை நிறுவியது.

அழிந்தனவாகக் கருதப்பட்ட சில, தொலைநாடுகளில் கிடைத்தன. 'டாக்டர் ஹூ' தொடரின் 1967-ஆம் ஆண்டுக் கதை ஒன்றின் படச்சுருள்கள் 1992-இல் ஹாங்காங்கிலிருந்து மீண்டன. 2013-இல் நைஜீரியாவில் கிடைத்த வேறு பல பகுதிகள் வெளியிடப்பட்டன. வாங்கிய நிகழ்ச்சியை எங்கோ ஒரு நிலையத்தின் அலமாரியில் எவரோ எறியாமல் வைத்திருந்தனர். தலைமையகம் அழித்ததைக் கிளைநாட்டு அலமாரி காத்தது.

'கல் நாடா'வைப் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2001-இல் வட்டுருவில் வெளியிட்டது. 2015-இல் அது வானொலி நாடகமாகவும் புதுப்பிக்கப்பட்டது. நைஜல் நீல் 2006-இல் மறைந்தார்.

முடிவுரை

சில அறைகளையும் ஒரு படிக்கட்டையும் வைத்து எழுந்த இந்நாடகம் நிலைத்ததற்குக் காரணம் அதன் பேயன்று. அதில் இரு பெண்கள் மாள்கின்றனர். ஒருத்தி வேலைக்காரி, மற்றொருத்தி தலைவனுக்குக் கீழ்ப்பட்ட ஊழியர். முதலாமவளின் வேதனையைத் தலைவன் சரக்காகக் காண்கிறான். இரண்டாமவளின் உழைப்பைத் துண்டு துண்டாக்குகிறான். பெரியோரின் பெயர் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்படும். சிறியோரின் பெயர் பேரேட்டிலும் வருகைப் பதிவிலும் கடிதக் கட்டிலுமே இருக்கும். இடம் போதவில்லை, செலவு மிகுதி என்னும் காலங்களில் முதலில் நெருப்புக்குப் போவன இவையே.

கல் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது இனிய கற்பனை. அது மெய்யாயின் மனிதர்க்குப் பொறுப்பு எதுவும் இல்லை. மெய்யன்று என்பதனால்தான் பழைய ஏடு ஒன்றைத் தூசி தட்டி அலமாரியில் திரும்ப வைப்பவர் வரலாற்றுக்குத் தொண்டு செய்தவராகிறார். எறிவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்த்தல் வேண்டும். உள்ளே யாருடைய குரலேனும் இருக்கக்கூடும்.