நடுநிலைப் பள்ளியில் பாட இணைப்பு

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான படிப்பு நடுநிலைக் கல்வி எனப்படும். இந்த மூன்று ஆண்டுகளில் மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து வைக்காமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி விட்டுக் கற்பிக்கும் முறை பாட இணைப்பு ஆகும். எந்த நூலால் பாடங்களைத் தொடுப்பது என்பதில்தான் இம்முறையின் வரலாறு அடங்கியிருக்கிறது. முதலில் அந்த நூல் உண்மையிலேயே பருத்தி நூலாக இருந்தது.

1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டில் கைத்தொழில் வழியே பாடங்களைக் கற்பிக்கும் ஆதாரக் கல்விக்கு அடித்தளம் இடப்பட்டது. பாடத்திட்டத்தை வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவில் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா உறுப்பினர், இலங்கைத் தமிழரான இ. டபிள்யூ. ஆரியநாயகம் அமைப்பாளர். குழு ஒரு பள்ளி நாளுக்கு ஐந்தரை மணி நேரம் ஒதுக்கியது. அதில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு. தாய்மொழிக்கு 40 நிமிடம். கணக்கு, ஓவியம், இசை மூன்றுக்கும் சேர்த்து 40. சமூக அறிவுக்கும் பொது விஞ்ஞானத்துக்கும் 30. உடற்பயிற்சிக்கும் இடைவேளைக்கும் பத்துப் பத்து நிமிடம். கணக்குக்கு ஒதுக்கிய நேரம் குறைவாகத் தோன்றலாம். உண்மையில் கணக்கின் பெரும்பகுதி கைத்தொழில் நேரத்துக்குள்ளேயே நடந்துவிடும்.

நூற்பை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். 840 கஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே நூலின் நம்பர். அரைப் பவுண்டில் பத்துச் சிட்டம் இருந்தால் அது இருபதாம் நம்பர் நூல். ஒரு பவுண்டுக்கு 16,800 கஜம் நீளம். தக்ளி என்னும் கைக்கதிரில் தான் நூற்ற நூலை எடை போட்டு நம்பர் காணும் பிள்ளைக்கு விகிதமும் பின்னமும் கையில் பிடிபடும். பருத்தி ஏன் கரிசலில் செழிக்கிறது என்ற கேள்வி மண்ணையும் ஈரத்தையும் பற்றிய அறிவியலுக்கு இட்டுச் செல்லும். உள்ளூர் நெசவாளர் ஏன் நலிந்தார் என்ற கேள்வி கம்பெனி ஆட்சியின் வரலாற்றைத் திறக்கும். அன்றன்றைய வேலையை நாட்குறிப்பாக எழுதுவது மொழிப்பாடம்.

மதுரைச் சமவெளியில் இக்கல்விக்கு இரண்டு ஊன்றிடங்கள் அமைந்தன. ஒன்று, மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் தாண்டி, தே. கல்லுப்பட்டியில் 1940இல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம். குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை அங்கேதான் கழித்தார். மற்றொன்று, டி. எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டி அருகே நிறுவிய காந்திகிராமம். அப்போது அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. அரசு ஏட்டில் முதல் ஐந்து வகுப்புகள் ஜூனியர் பேசிக் என்றும், அடுத்த மூன்றும் சீனியர் பேசிக் என்றும் வழங்கின. ஆதாரக் கல்வியின் முழுப் பயன் இந்தப் பின்மூன்று வகுப்புகளில்தான் வெளிப்பட வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டாக இருக்கும் தக்ளி, பன்னிரண்டு வயதில்தான் கணக்காகவும் வரலாறாகவும் மாற முடியும். ஆனால் நூற்கவும் தெரிந்து, அதிலிருந்து பாடத்தையும் பிரித்தெடுக்கத் தெரிந்த ஆசிரியர் போதிய அளவில் கிடைக்கவில்லை. பல இடங்களில் தக்ளி ஒரு மூலையிலும் புத்தகம் மறு மூலையிலுமாக நின்றுவிட்டன.

இதைவிடப் பெரிய முறிவு 1953இல் நேர்ந்தது. ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தனர். ராஜாஜி பதவி விலகியபின் முதல்வரான காமராசர் ஆட்சி 1954இல் திட்டத்தைக் கைவிட்டது. ஆதாரப் பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே தொழிலைப் பழகினர். 1953ஆம் ஆண்டுத் திட்டமோ சலவைத் தொழிலாளியின் மகனைச் சலவைத் துறைக்கும், குயவரின் மகனைச் சக்கரத்துக்கும் திருப்பி அனுப்பியது. இரண்டும் ஒன்றல்ல, ஒன்று சாதியைக் கரைக்க முயன்றது, மற்றது இறுக்கியது. எதிர்ப்பு முழுக்க நியாயமானது. எனினும் அதன்பின் பள்ளியில் கைத்தொழில் என்ற சொல்லே ஐயத்துக்குரியதாயிற்று. கோத்தாரி குழு 1966இல் பரிந்துரைத்த பணி அனுபவமும் கால அட்டவணையில் ஓரிரு பீரியடாகச் சுருங்கியது.

இணைப்பு முயற்சி மீண்டும் எழுந்தபோது அது தாளின் வழியே வந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமார் இதற்கு முன்னின்றார். 2007ஐ ஒட்டி அது மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவ, நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி முறை வந்தது. இதன் உயிர்நாடி மனவரைபடம். பாடத்தைத் தானே படித்த மாணவர் அதன் கருத்துகளைக் கிளை பிரித்து வரைவார். பிறகு குழுவில் அமர்ந்து மற்றவர் வரைந்ததோடு ஒப்பிட்டுத் தொகுப்பார். 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த அவனியாபுரம் போன்ற பகுதியில் நீர்ச் சுழற்சிப் பாடத்தை இப்படி வரைந்தால் கண்மாய், மடை, கலுங்கு, வரத்துக்கால் என்ற சொற்களெல்லாம் அதில் இடம்பெற முடியும். அறிவியல் பாடம் ஊரின் புவியியலாகவும் தமிழாகவும் விரிய இதைவிட எளிய வழி இல்லை. எல்லாப் பாடத்துக்கும் ஒரே படிநிலைகளைக் கட்டாயமாக்கியது இம்முறையின் குறை. கணக்குக்கு மனவரைபடம் எளிதில் பொருந்தவில்லை.

2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை நடைமுறைக்கு வந்தது. பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண்ணும், வகுப்புச் செயல்பாடுகளை உள்ளடக்கிய வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் வகுக்கப்பட்டன. பைச்சுமை குறைவதற்காகக் கணிதமும் அறிவியலும் சமூக அறிவியலும் ஒரே அட்டைக்குள் கட்டப்பட்டன. கட்டுதான் ஒன்றானது, பாடங்கள் தனித்தனியாகவே நீடித்தன. கல்வி உரிமைச் சட்டம் இவ்வகுப்புகளுக்குக் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விப் பகுதிநேரப் பயிற்றுநரைக் கேட்கிறது. தமிழகம் 2012இல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமித்தது. ஒரு காலத்தில் நாளின் பாதிக்கு மேல் நிறைத்திருந்த கைவேலை இவ்வாறு வாரத்துக்குச் சில அரை நாட்களாகத் திரும்பி வந்தது.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்து தொழில் அறிமுகத்தையும், உள்ளூர்க் கைவினைஞரிடம் பழகப் புத்தகப்பை இல்லாத பத்து நாட்களையும் முன்வைத்தபோது, தமிழகத்தில் குலக்கல்வி நினைவு உடனே கிளர்ந்தது. மாநில அரசு 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் வேறு வழியில் செல்கிறது. கருத்தாளர்கள் எளிய சோதனைக் கருவிகளோடு அரசுப் பள்ளிகளுக்கு வந்து, ஆறு முதல் எட்டு வரையிலான மாணவரைக் கொண்டே அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்விக்கின்றனர்.