‘சினிமா போல’ என்றால் எதைப் போல?

தம்பானூரில் தொடர்வண்டி நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றுக்கு அருகில் கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கைரளி, ஸ்ரீ, நிலா திரையரங்குகள் ஒரே வளாகத்தில் உள்ளன. டிசம்பர் மாதத் திரைவிழா நாள்களில் அவ்வளாகத்து வாசலில் நின்றால், குறும்படம் எடுக்க விழையும் மாணவர்கள் கேட்கும் ஒரு கேள்வி காதில் விழும்: “சினிமா போலத் தெரிய வேண்டுமானால் எந்த கேமரா வாங்கலாம்?” இதற்கு விடையாகக் கேமராப் பெயர்களின் பட்டியலைத் தருவதே வழக்கம். கேள்விக்குள் இருக்கும் ‘போல’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையே இப்பதிவில் சொல்ல முனைகிறேன்.

இந்தியத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் முறையில் ஒரு வினாடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் இரண்டு அரைப்படங்களாகப் பிரிந்து, 50 அரைப்படங்களாகத் திரைக்கு வரும். அதனால் அசைவு வழவழப்பாகத் தோன்றும். படச்சுருளிலோ வினாடிக்கு 24 முழுப் படங்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1/48 வினாடி ஒளி பெறும். அசைவில் மெல்லிய தயக்கமும் கலங்கலும் தங்கும். செய்தியறிக்கையையும் நெடுந்தொடரையும் நாள்தோறும் கண்ட கண்கள், தம்மை அறியாமலேயே முதலாவதை ‘வீடியோ’ என்றும் இரண்டாவதைச் ‘சினிமா’ என்றும் பிரித்தறியப் பழகின.

ஆகவே எண்ணிம ஒளிப்பதிவின் முதற்கட்டத்தில், தொலைக்காட்சியிலிருந்து விலகுவதே ‘சினிமா போல’ என்பதன் பொருளாக இருந்தது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த சோனி எச்டிடபிள்யூ-எஃப்900, வினாடிக்கு 24 முழுப் படங்களை உயர்தெளிவில் பதிந்தது. 2002இல் பானாசோனிக் டிவிஎக்ஸ்100 அதே வேகத்தைக் கைக்கடக்கமான கேமராவுக்குக் கொண்டுவந்தது. தமிழில் பி. சி. ஸ்ரீராம் இயக்கிய ‘வானம் வசப்படும்’ (2004), கமல்ஹாசன் நடித்த ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ (2005) ஆகியன எண்ணிம கேமராவில் உருவாயின. மலையாளத்தில் வி. கே. பிரகாஷ் இயக்கிய ‘மூன்னாமதொராள்’ (2006) எண்ணிம முறையில் படமாக்கப்பட்டு, செயற்கைக்கோள் வழியே திரையரங்குகளை அடைந்தது.

அசைவுச் சிக்கல் தீர்ந்தும் இரண்டு குறைகள் எஞ்சின. முதலாவது உணரியின் அளவு. எஃப்900இன் உணரி ஏறத்தாழ 9.6 மி.மீ. அகலம்; சூப்பர் 35 படச்சுருள் சட்டகமோ சுமார் 25 மி.மீ. சிறிய உணரியில் முகமும் பின்சுவரும் ஒரே கூர்மையில் தெரியும். பார்வையை ஓரிடத்தில் நிறுத்தும் மங்கல் கிட்டாது. இரண்டாவது ஒளித்தாங்கு திறன். நண்பகல் வெயிலில் படச்சுருள் வெண்மையை மெல்லக் கரைக்கும்; வீடியோ சட்டென்று வெட்டிவிடும். சன்னலுக்கு வெளியே வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.

முதற்குறைக்குத் தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2007இல் ரெட் ஒன் கேமரா, படச்சுருளுக்கு நிகரான உணரியுடன் வந்தது. ‘உன்னைப் போல் ஒருவன்’ (2009) அதில் எடுக்கப்பட்டது. ஆனால் சிறு முதலீட்டாளரின் கைக்கு எட்டியது 2009இல் வெளிவந்த கேனான் 7டி என்னும் ஒளிப்படக் கேமராவே. அதன் உணரி அகலம் 22.3 மி.மீ. சமீர் தாஹிரின் ‘சாப்பா குரிசு’ (2011), பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ (2012) இரண்டும் 7டியில் எடுக்கப்பட்டன. வேகமாகத் திரும்பினால் செங்குத்துக் கோடுகள் சாயும். நிற விவரம் குறுகும். இக்குறைகளோடுதான் அவை திரையேறின.

இவ்விரு படங்களிலும் கதையின் திருப்பம் ஒரு கைப்பேசிக் காணொளியைச் சார்ந்திருக்கிறது. ஒன்றில் தொலைந்த கைப்பேசிக்குள் இருக்கும் அந்தரங்கக் காட்சி. மற்றதில் ஒரு பெண் அறியாமல் எடுக்கப்பட்ட காட்சி. கேமரா எவர் கைக்கும் எட்டத் தொடங்கிய காலத்தில், எவர் கைக்கும் எட்டிய இன்னொரு கேமராவால் விளையும் வன்முறையை அவை பேசின. அங்கே ‘சினிமா போல’ என்பது தொலைக்காட்சிக்கு எதிரானதன்று, கைப்பேசிக்கு எதிரானது. பின்னணி மங்கிய சட்டகம் பாத்திரத்துக்கு மதிப்பளிக்கும் பார்வையாகவும், கைப்பேசிப் படம் அதைப் பறிக்கும் பார்வையாகவும் எனக்குத் தோன்றின. இயக்குநர்கள் இதைத் திட்டமிட்டார்கள் என்று நான் வாதிடவில்லை. அக்காலத்துப் பார்வையாளர் கண்ணில் அவ்வேறுபாடு ஏற்கெனவே படிந்திருந்தது என்பதே என் வாதம்.

எனவே ‘சினிமாத் தோற்றம்’ என்பது படச்சுருளின் நிலையான பண்பு அன்று. ஒவ்வொரு காலமும் எந்தப் படிமத்தைத் தன்னிலும் தாழ்ந்ததாகக் கருதியதோ, அதிலிருந்து விலகிய தொலைவே அது. கேமராக்களின் வரலாற்றை விற்பனைப் பட்டியலாக எழுதினால் இந்த மதிப்பீட்டரசியல் மறைந்துவிடும். ஒளிப்பதிவாளர்களை நேர்காணும் ஆய்வு மாணவர்கள், “ஏன் இந்தக் கேமரா?” என்பதோடு, “எதைப் போலத் தெரியக்கூடாது என்று அஞ்சினீர்கள்?” என்றும் கேட்க வேண்டும்.

இன்று கைப்பேசியே 24 படங்களைப் பதிகிறது. பின்னணியைக் கணக்கிட்டு மங்கலாக்குகிறது. பழைய எல்லைக்கோடுகள் அழிந்துவிட்டன. தம்பானூர் வாசலில் நிற்கும் மாணவருக்கு நடைமுறை விடை எளிது: 24 அல்லது 25 படம், 1/50 வினாடி மூடி (நம் மின்விளக்குகளின் துடிப்புக்கும் அது பொருந்தும்), வானத்தை வெளுக்க விடாத ஒளியளவு. இம்மூன்றையும் பிடிவாதமாகக் காத்தால் கையிலிருக்கும் கேமராவே போதும். யாரைப் பார்க்கிறோம், அவர் அறிந்து பார்க்கிறோமா என்ற கேள்வியை மட்டும் எந்தக் கேமராவும் தீர்த்துத் தராது.