வியாழனில் எடை, புதனில் நீர்: பிரின்சிப்பியாவின் ஒரு கிளைத்தேற்றம்

பூமியில் நிற்கும் ஒருவர் வியாழனில் நின்றால் எவ்வளவு எடை இருப்பார்? அங்கே உயிர்கள் வாழுமா? அறிவியலுக்குப் புதியவர்கள் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது இயல்பு. ஆய்வாளர்களும் அப்படியே வாசிப்பதுதான் சிக்கல். பிரின்சிப்பியா மூன்றாம் நூலின் எட்டாம் தேற்றத்தைத் தொடரும் கிளைத்தேற்றங்களில், நியூட்டன் ஈர்ப்பை அளந்து அதன்மேல் உயிர் வாழும் உலகங்களை எழுப்பினார் என்பது நெடுநாள் கருத்து. 1687ஆம் ஆண்டுப் பதிப்பு கடவுளே கோள்களை வெவ்வேறு தொலைவுகளில் வைத்தார் என்கிறது. 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விடத்தில் கடவுளின் பெயர் இல்லை. கோள்கள் அவ்வாறு வைக்கப்பட வேண்டியிருந்தன என்று மட்டும் இருக்கிறது. இந்த நீக்கத்தை, உயிர்கள் குடியிருக்கும் உலகங்கள் பற்றிய ஒரு கொள்கையிலிருந்து நியூட்டன் பின்வாங்கியதன் தடயமாகக் கொள்கிறார்கள். எண்களைப் பதிப்புக்குப் பதிப்பு ஒப்பிட்டால் இந்த வாசிப்பு நிற்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதல் பதிப்பின் எண்கள் வியப்பூட்டுபவை. சமமான பொருள்களைச் சூரியன், வியாழன், சனி, பூமி ஆகியவற்றின் மேற்பரப்புகளில் வைத்தால் அவற்றின் எடைகள் முறையே 10000, 804½, 536, 805½ என்ற விகிதத்தில் இருக்கும். அதாவது 1687இல் வியாழனிலும் பூமியிலும் எடை ஏறத்தாழ ஒன்றே. இங்கே எடைபோடப்படுவது மனிதரோ விலங்கோ அல்ல, வெறும் பொருள். ஆனாலும் இந்தச் சமநிலையில் ஒரு படைப்பாளியின் கையைக் காண்பது எளிது. அப்படிக் கண்டவர்களைக் குறைசொல்ல முடியாது.

இந்தச் சமநிலை எங்கிருந்து வந்தது? நிலவுகள் உள்ள கோள்களின் நிறையை, அந்நிலவுகளின் சுற்றுக்காலத்தையும் தொலைவையும் கொண்டு நியூட்டனால் கணிக்க முடிந்தது. பூமியின் நிறையைச் சூரியனின் நிறையோடு ஒப்பிடவோ சூரியனின் தொலைவு தெரிய வேண்டும். அது அன்று உறுதியாகத் தெரியாது. சூரியனிலிருந்து பார்த்தால் பூமியின் விட்டம் 40 வில்நொடி தெரியும் என்று அவர் வைத்துக்கொண்டார். வியாழனுக்கு 39½, சனிக்கு 18. கோள்களின் மேற்பரப்பு ஈர்ப்பு, சூரியனிலிருந்து தோன்றும் விட்டத்தின் இருமடி மூலத்துக்கு ஏறத்தாழ ஒத்துப்போகிறது என்று ஒரு விதியும் சொன்னார். 40க்கும் 39½க்கும் இருமடி மூலம் ஏறத்தாழ ஒன்றே. எனவே எடையும் ஒன்றே. பூமி அளவில் நடுத்தரமான கோள் என்று கொண்டால் 24 வில்நொடி போதும் என்பதை அவர் அறிந்திருந்தார். பெரிய விட்டம் தம் விதிக்கு நன்கு பொருந்துகிறது என்பதையும் மறைக்கவில்லை. விதி எண்ணைத் தாங்கியது, எண் விதியைத் தாங்கியது. சமநிலையின் வேர் படைப்புத் திட்டத்தில் அல்ல, அளக்கப்படாத ஒரு கோணத்தில் இருந்தது.

பின்னர்ச் சூரிய இடமாறு தோற்றத்தின், அதாவது சூரியனிலிருந்து தெரியும் பூமி விட்டத்தில் பாதியான கோணத்தின், மதிப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 1726ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் அதே எடைகள் 10000, 943, 529, 435. இப்போது வியாழனில் எடை பூமியில் உள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இருமடி மூல விதியை இனிக் காப்பாற்ற வழியில்லை, அது மறைந்தது. அதன் இடத்தில், சிறிய கோள்கள் மற்றவை சமமாயின் அதிக அடர்த்தியுள்ளவை, அதனால் மேற்பரப்பு ஈர்ப்புகள் சமநிலையை நெருங்குகின்றன என்ற தளர்வான வாக்கியம் நிற்கிறது. இதைப் பழைய விதியின் எச்சமாகவே நான் காண்கிறேன். கணக்கு கவனத்தோடு சீர்செய்யப்படவும் இல்லை. பூமியின் நிறை சூரியனில் 169282இல் ஒரு பங்கு என்று அப்பதிப்பு சொல்கிறது. அதே இடத்தில் தரப்பட்ட 10000, 109 என்ற சூரிய, பூமி விட்டங்களின் இருமடியால் வகுத்தால் வருவது 497. அச்சில் இருப்பதோ 435. சிகாகோ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 1987இல் கண்டுபிடித்த பிழை இது.

இனி வெப்பம் பற்றிய பகுதி. சனியின் பாதையில் நம் நீர் உறைந்துவிடும். புதனின் பாதையில் உடனே ஆவியாகிவிடும். புதனருகே சூரிய ஒளி ஏழு மடங்கு செறிவானது. கோடை வெயிலின் ஏழு மடங்கு வெப்பத்தில் நீர் கொதிப்பதை வெப்பமானியில் கண்டதாக நியூட்டன் எழுதுகிறார். ஆகவே புதனின் பொருள் அந்த வெப்பத்துக்கு ஏற்றதாக, நம் பொருளைவிட அடர்த்தியாக இருக்க வேண்டுமாம். என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. பூமியின் எடை எண் பாதியாகச் சரிந்தபோதும் இந்தப் பகுதி அசையவில்லை. எடைக் கணக்கின்மேல் கட்டப்பட்டிருந்தால் அதுவும் ஆட்டம் கண்டிருக்கும். அடர்த்தியின் வரிசைமுறை, அதாவது பூமி, வியாழன், சனி என இறங்கும் ஒழுங்கு மட்டுமே அதற்குத் தேவைப்பட்டது. அது 1687இல் 387, 76, 60 ஆகவும், 1726இல் 400, 94½, 67 ஆகவும் குலையாமல் இருந்தது.

புதனோ அட்டவணையிலேயே இல்லை. அதற்கு நிலவு கிடையாது. எனவே அதன் நிறையை அன்று யாராலும் கணிக்க முடியாது. அளக்க வழியே இல்லாத கோளைப் பற்றித்தான் ஐயம் வேண்டாம் என்று நியூட்டன் உறுதியளிக்கிறார். அந்த ‘ஏழு’ம் ஆராயத்தக்கது. 1701இல் அவர் பெயரின்றி வெளியிட்ட வெப்ப அளவையில் நீர் உறைவது 0, கோடைக் காற்று 4 முதல் 6, நீர் கொதிப்பது 34. 34ஐ 5ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஏழு வரும். ஆனால் சுழியை உறைநிலையில் வைத்ததால்தான் வரும். ஒளிச்செறிவின் ஏழும் வெப்பமானியின் ஏழும் சந்தித்தது இயற்கையின் ஏற்பாடு அல்ல.

அடர்ந்த பொருளில் இயற்கையின் செயல்கள் நடக்க அதிக வெப்பம் தேவை என்ற அவரது வாக்கியத்தில் உயிரும் அடங்குமே என்பார்கள். அடங்கலாம், நொதித்தலும் துருப்பிடித்தலும் கூடத்தான் அடங்கும். இறையியலாளர் பென்ட்லிக்கு எழுதிய கடிதங்களில் நியூட்டன் இறைத்திட்டத்தை ஒப்புக்கொள்கிறாரே என்பது இன்னொரு மறுப்பு. அவர் எதை நம்பினார் என்பதல்ல, இந்தக் கணக்கு எதைத் தாங்குகிறது என்பதே கேள்வி.

உயிர்களையும் எடையையும் இணைக்கும் கேள்வி புதிதன்று. உடல் பெருத்தால் எலும்பு எவ்வளவு தடிக்க வேண்டும் என்று கலிலியோ 1638இலேயே கேட்டுவிட்டார். அதை 943 என்ற எண்ணோடு சேர்க்க நியூட்டனுக்குத் தடை எதுவும் இல்லை, அவர் சேர்க்கவில்லை. அடுத்து வந்தவர்களும் வேறு வழியில்தான் போனார்கள். 1698இல் வெளிவந்த வானியலாளர் ஹைகென்சின் நூல் கோள்களில் குடிகளை வைத்தது. அவரை உறுத்தியது வியாழனிலும் சனியிலும் நீர் உறையுமே என்பது. உறையாத வேறு வகை நீர் அங்கே இருக்கும் என்று அவர் தேற்றிக்கொண்டார். தத்துவவாதி கிறிஸ்டியன் வோல்ஃப் வியாழவாசிகளின் உயரத்தையே கணக்கிட்டார், 13 அடிக்கும் மேல். மங்கிய வெயிலுக்குக் கண்மணி எவ்வளவு விரிய வேண்டும் என்பதிலிருந்து அந்த உயரம் பெறப்பட்டது. அவ்வளவு பெரிய உடலை வியாழனின் ஈர்ப்பு என்ன செய்யும் என்பது அவர் கணக்கில் வரவில்லை. 1755இல் கான்ட், அடர்த்தி ஒழுங்குக்கு நியூட்டன் சொன்ன காரணத்தை ஏற்காமல், ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டார்: சூரியனிலிருந்து விலக விலகக் கோள்வாசிகளின் உடற்பொருள் நுண்மையாகும், அறிவு கூர்மையாகும். அவரது சனிவாசி உயர்ந்தவர் ஆனது அங்கே எடை குறைவு என்பதால் அல்ல. நியூட்டனின் கணக்குப்படி சனியில் எடை 529. அது பூமியின் 435ஐவிட அதிகம்.