மழைக்கு முன் மண் பூசும் ஜென்னே நகரம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

தூய்மையை ஈமானோடு இணைத்துக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. இல்லத்தையும் இறையில்லத்தையும் பருவம் தவறாமல் பேணுவதைத் தலைமுறைக் கடமையாகக் கொண்டுள்ள ஒரு முஸ்லிம் நகரின் வரலாற்றை இங்கே காண்போம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், பானி ஆற்றுச் சமவெளியில் அமைந்துள்ளது ஜென்னே. கல் கிடைப்பதற்கு அரிதான அவ்வூரில் வீடுகளும் பெரிய பள்ளிவாசலும் களிமண்ணாலேயே எழுப்பப்பட்டுள்ளன. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை சுவர்ப்பூச்சைக் கரைக்கும். எனவே, மழைக்கு முன்னரே புதுப்பூச்சு இட்டாக வேண்டும்.

ஆற்றுப் படுகையின் களிமண்ணோடு உமியைக் கலந்து, நீர் ஊற்றிப் பல நாள் புளிக்க விடுவர். உமி மக்கிப் பசைத்தன்மை கூடிய பின்பே சுவரில் பூசுவர். மொட்டைமாடி நீர் சுவரில் வழியாதிருக்கச் சுட்டமண் குழாய்களைச் சுவருக்கு வெளியே நீட்டி வைப்பர். கொத்தனார் குடும்பங்களுக்கும் வீட்டாருக்கும் இடையிலான உறவு பரம்பரையாகத் தொடர்வதாகும். தந்தை பேணிய வீட்டை மகனும் பேணுவார்.

பள்ளிவாசலுக்கு மண் பூசும் நாளோ ஊருக்கே திருநாள். இளைஞர்கள் மண்ணைச் சுமந்து ஓடி வருவர். பெண்கள் நீர் கொணர்வர். மூத்த கொத்தனார்கள் மேற்பார்வையிடுவர். சுவர்களில் துருத்தி நிற்கும் பனங்கட்டைகளே ஏறி நின்று பூசுவதற்குச் சாரமாகின்றன.

இப்பணி நின்றுபோனால் என்னவாகும் என்பதற்கும் ஜென்னேயின் வரலாறே சான்று. மன்னர் கொன்போரோ இஸ்லாத்தைத் தழுவித் தம் அரண்மனை இருந்த இடத்தையே பள்ளிவாசலாக்கினார் என்று, 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'தாரீகுஸ் ஸூடான்' கூறுகிறது. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரைக் கைப்பற்றிய ஸேக்கூ அமாது, அப்பள்ளியை ஆடம்பரமானதெனக் கருதிப் பராமரிக்காமல் விட்டார். 1828இல் அங்கு வந்த பிரெஞ்சுப் பயணி ரெனே கையே, உள்ளே கூடு கட்டிய ஆயிரக்கணக்கான தகைவிலான்கள் நிறைந்திருந்ததையும், அவற்றால் எழுந்த துர்நாற்றத்தையும் பதிவு செய்துள்ளார். எவரும் இடிக்காமலேயே மழை அதனைச் சிதைத்துவிட்டது. அவ்விடத்திலேயே, கொத்தனார் சங்கத் தலைவர் இஸ்மாயிலா டிராவோரேயின் பொறுப்பில், இன்றைய பள்ளிவாசல் 1907இல் கட்டி முடிக்கப்பட்டது.

1988இல் ஜென்னேயின் பழைய நகர்ப்பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ஆயினும் சிறப்புப் பட்டம் மழையைத் தடுக்காது. 2009 நவம்பரில் ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, கிப்லாத் திசைக் கோபுரங்களுள் தென்புறத்ததன் மேற்பகுதி சரிந்தது. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டது. 2016இல் அந்நகரம் ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கட்டும்போது ஆர்வத்தோடு வாரி வழங்குகிறோம்; கட்டிய பின் பேணுவதற்கு அதே ஆர்வம் காட்டுகிறோமா? ஐப்பசி மழைக்கு முன் மாடி வடிகுழாயின் சருகை அகற்றுவதும், ஹவ்ளைக் கழுவுவதும், சுவர் வெடிப்பை அடைப்பதும் சிறு செலவில் முடியும் பணிகள். தள்ளிப்போட்டால் அவையே பெருஞ்செலவாகும். ஜென்னே மக்கள் அப்பணியைக் கூலியாட்களிடம் மட்டும் விட்டுவிடவில்லை. பிள்ளைகளையும் உடனழைத்துச் செய்கின்றனர். அதனாலேயே மண் சுவரும் நூறாண்டு கடந்து நிற்கிறது.

நம் இல்லங்களையும் இறையில்லத்தையும் தூய்மையுடன் பேணி, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.